டெல்லிக் குளிரில் முளைக்காத மிளகாய் விதை

கேள்வி: சொந்த ஊர் திண்டுக்கல். டெல்லியில் நஜஃப்கர் அருகே ஒரு ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்து, ஆர்.கே.புரம், மயூர் விஹார் பகுதித் தமிழ்க் குடும்பங்களுக்குக் காய்கறி கொடுத்து வருகிறேன். மரப்பெட்டியின் மேல் பழைய ஜன்னல் கண்ணாடியைப் போட்டு மூடி, டிசம்பர் கடைசியில் மிளகாயும் கத்தரியும் விதைத்தேன். மூன்று வாரமாகியும் முளைக்கவில்லை. மின்சார வெப்ப விரிப்பு எனக்குக் கட்டுப்படியாகாது. குறைந்த செலவில் பெட்டியைச் சூடாக்க வழி உண்டா?

பதில்: உண்டு. ஆனால் பெட்டி முழுவதையும் இரவெல்லாம் சூடாக்க நினைத்தால் எந்த வழியும் மலிவாக இருக்காது. மிளகாய் விதை முளைக்க 25 முதல் 30 டிகிரி வரை வெப்பம் வேண்டும். மண் 15 டிகிரிக்குக் கீழே போனால் விதை அப்படியே கிடக்கும். முளைத்த நாற்றுக்கு அவ்வளவு வெப்பம் தேவையில்லை, வெளிச்சம்தான் தேவை. எனவே விதையை வீட்டுக்குள் முளைக்க வையுங்கள். பெட்டி நாற்றைக் காப்பாற்றினால் போதும்.

டெல்லி ஜனவரியில் இட்லி மாவு எங்கே வைத்தால் பொங்குகிறது என்று உங்கள் வீட்டில் கேளுங்கள். விதைக்கும் அந்த இடமே சரி. விதையை ஓர் இரவு ஊறவைத்து, ஈரப் பருத்தித் துணியில் பரப்பிச் சுருட்டி, தெர்மாகோல் பெட்டிக்குள் வையுங்கள். கூடவே கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் நிரப்பிய பாட்டில் ஒன்றை, துணியில் படாமல் வைத்து, காலையும் மாலையும் நீரை மாற்றுங்கள். ஒரு வாரத்தை ஒட்டி வெள்ளை முனை எட்டிப் பார்க்கும். அது நீள்வதற்குள் எடுத்து, மண் நிரப்பிய நாற்றுத் தட்டுகளில் ஊன்றிவிட வேண்டும், நீண்டால் ஒடிந்துபோகும்.

இனி பெட்டி. மார்கழி உச்சி வெயில் திண்டுக்கல்லில் சுமார் 56 பாகை உயரத்தில் நிற்கும். டெல்லியில் 38 பாகைதான். கண்ணாடியைத் தட்டையாகக் கிடத்தியிருந்தால் வெயிலில் கணிசமான பங்கு வீண். வடக்குப் பலகையை உயர்த்தி, கண்ணாடி தெற்கு நோக்கிச் சரியும்படி அமையுங்கள். இடுக்குகளை மண் குழைத்து அடையுங்கள். வடக்குப் பலகையை ஒட்டி, கறுப்பு வண்ணம் பூசிய இரண்டு லிட்டர் பாட்டில்கள் பத்தில் தண்ணீர் நிரப்பி நிறுத்துங்கள். அந்த 20 லிட்டர் நீர் பகலில் 25 டிகிரிக்கு ஏறி, விடிவதற்குள் 10 டிகிரிக்கு இறங்கினால், 60 வாட் குண்டு பல்பு ஏறக்குறைய ஆறு மணி நேரம் எரிந்து தரும் வெப்பம் கிடைத்துவிடும். பிற்பகல் மூன்று மணிக்கே கண்ணாடியை மூடிவிடுங்கள். அந்தி சாய்ந்ததும் மேலே பழைய ரஜாயோ (பஞ்சுப் போர்வை) சாக்கோ போர்த்தி, அதன்மேல் பாலித்தீன் விரியுங்கள். பனியில் நனைந்த ரஜாய் குளிரைத் தடுக்காது. வெயில் வந்ததும் போர்வையை எடுங்கள். நண்பகலில் கண்ணாடியைச் சற்றுத் தூக்கி வையுங்கள். தெளிந்த நாளில் மூடிய பெட்டி ஜனவரியிலும் நாற்றை வேகவைத்துவிடும்.

நாள்கணக்கில் மூடுபனி நின்றால் பாட்டில் தண்ணீரும் சூடேறாது. அப்போதுதான் வெளியிலிருந்து வெப்பம் வேண்டும். பழைய வகைக் குண்டு பல்பு ஒன்றைத் தேடிப் பிடியுங்கள். எல்இடி பல்பு இதற்கு உதவாது. 60 வாட் பல்பு இரவில் 12 மணி நேரம் எரிந்தால் முக்கால் யூனிட்டுக்கும் குறைவு. தட்டுகளுக்குக் கீழே, தண்ணீர் சொட்டாத இடத்தில் பொருத்துங்கள். மேலே தொங்கவிட்டால் மண் குளிர்ந்தே கிடக்கும், இலைதான் காயும்.

மின்சாரமே இல்லாத வழி, சாணச் சூடு. பெட்டிக்கு அடியில் இரண்டடி ஆழம் தோண்டி, புதுச் சாணமும் வைக்கோலும் கலந்து, ஈரமாக்கி, மிதித்து நிரப்புங்கள். மாட்டுச் சாணத்தைவிடக் குதிரைச் சாணம் விரைவாகச் சூடேறும். டெல்லியில் மாப்பிள்ளை ஊர்வலத்துக்குக் குதிரை விடுகிறவர்களைக் கேட்டால் இலவசமாகவே அள்ளிக்கொள்ளச் சொல்வார்கள். முதல் சில நாட்கள் சூடு மிகக் கடுமையாக இருக்கும். ஓர் இரும்புக் கம்பியைச் செருகி, சற்று நேரம் கழித்து உருவிப் பாருங்கள். கை சுட்டால் காத்திருங்கள். இதமாக இருந்தால் நான்கு அங்குல மண் போட்டுத் தட்டுகளை வைக்கலாம். அம்மோனியா நெடி மூக்கில் ஏறினால் கண்ணாடியைத் திறந்துவிடுங்கள், அது இலையைக் கருக்கும். இரண்டு மூன்று வாரம் வெதுவெதுப்பு நிற்கும்.

கரி அடுப்பைப் பெட்டிக்கு அருகே வைக்கும் யோசனை வேண்டவே வேண்டாம். மூடிய அறையில் அங்கீட்டி எனும் கரி அடுப்பை வைத்துத் தூங்கி உயிரிழப்போர் செய்தி டெல்லியில் குளிர்காலந்தோறும் வருகிறது.

தண்ணீர் காலையில் மட்டும். மேல்நிலைத் தொட்டியின் சில்லிட்ட நீரைவிட, அப்போதே இறைத்த ஆழ்துளைக் கிணற்று நீர் வெதுவெதுப்பாக இருக்கும். ஆனால் நஜஃப்கர் பக்கம் பல இடங்களில் நீர் உப்பு. வாயில் வைத்துக் கரித்தால் நாற்றுக்கு ஊற்றாதீர்கள். குளிரும் ஈரமும் சேர்ந்தால் நாற்றழுகல் வரும் என்பதால், ஊறவைத்து எடுத்த விதையோடு ட்ரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சையைக் கிலோ விதைக்கு 4 கிராம் கணக்கில் கலந்த பிறகு துணியில் பரப்புங்கள்.

அடுத்த ஆண்டு நவம்பர் முதல் பாதியிலேயே விதைத்துவிடுங்கள். அப்போது மண்ணில் மிச்சமிருக்கும் சூட்டிலேயே முளைத்துவிடும், இத்தனை பாடும் குறையும். பிப்ரவரிக் கடைசியில் நட நாற்று தயாராக இருக்கும்.

இப்போது பெட்டியில் இருக்கும் விதையை உடனே கொட்டிவிடாதீர்கள். நான்கைந்தைத் தோண்டியெடுத்து நகத்தால் அழுத்துங்கள். கெட்டியாக இருந்தால் உயிர் இருக்க வாய்ப்புண்டு, தட்டோடு வீட்டுக்குள் கொண்டுபோய் ஒரு வாரம் பாருங்கள். நசுங்கி நீர் கசிந்தால் அந்த மண்ணையும் சேர்த்து மாற்றிவிட்டுப் புது விதை ஊறப்போடுங்கள்.