பெரிய சர்வர் வாங்கினால் எங்கள் ஜாவா மென்பொருள் வேகமாகுமா?

மார்த்தாண்டம், குலசேகரம் கிளைகளில் ரப்பர் ஷீட் கொள்முதல் செய்யும் உங்கள் நிறுவனத்தில், மென்பொருள் கிளைக் கணினிகளிலும் தரவுத்தளம் மும்பையிலுள்ள கிளவுட் சர்வரிலும் இருப்பதாகவும், உறுப்பினர்களின் பண இருப்புப் பட்டியலைத் திறக்கப் பல நொடிகள் ஆவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். ஜாவா பொருள்களை (நிரல் நினைவகத்தில் வைத்துக் கையாளும் 'ஆப்ஜெக்ட்'களை) தரவுத்தள அட்டவணைகளோடு இணைக்கும் ஹைபர்னேட் என்ற நூலகத்தைப் பயன்படுத்துவதாகச் சொன்னதை வைத்துப் பார்த்தால், பெரிய சர்வரால் பெரும்பாலும் பயனிருக்காது.

உங்கள் கிளைகளுக்கு அருகிலுள்ள நாகர்கோவிலில் இருந்து மும்பை நேர்கோட்டில் ஏறக்குறைய 1,300 கி.மீ. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. செல்வதால், தரவுத்தளத்துக்கு ஒரு கேள்வி போய் விடை திரும்பக் குறைந்தது 13 மில்லிநொடி ஆகும்; கேபிள் சுற்றிச் செல்வதால் நடைமுறையில் இன்னும் கூடும். 500 உறுப்பினர்களின் பட்டியலை ஒரு கேள்வியில் எடுத்துவிட்டு, ஒவ்வொருவரின் கொள்முதல் பதிவுகளையும் தனித்தனியே கேட்டால் மொத்தம் 501 பயணங்கள். தரவுத்தளம் கண்ணிமைக்கும் முன் விடை சொன்னாலும் ஆறரை நொடி வழியிலேயே போய்விடும். 'என் பிளஸ் ஒன்' (N+1) சிக்கல் என்பது இதுதான். நிரலில் பார்த்தால் நினைவகத்திலுள்ள ஒரு பொருளைத் தொடும் சாதாரண வரியாகவே அது தெரியும். அதனால்தான் கண்ணில் படுவதில்லை. தொலைவிலுள்ள பொருளை அருகிலுள்ள பொருளைப் போலவே கையாளலாம் என்ற எண்ணத்தை, சன் மைக்ரோசிஸ்டம்ஸைச் சேர்ந்த ஜிம் வால்டோவும் உடன் பணியாற்றியவர்களும் 1994இலேயே மறுத்து எழுதினார்கள்.

ஆகவே முதலில் தரவுத்தளத்துக்குப் போகும் எஸ்.கியூ.எல். கேள்விகளைப் பதிவுசெய்யும் வசதியை இயக்கி, ஒரு திரைக்கு எத்தனை கேள்விகள் போகின்றன என்று எண்ணுங்கள். பொருள்கள் உண்மையிலேயே வேண்டிய இடத்தில் 'ஜாயின் ஃபெட்ச்' (தொடர்புடைய பதிவுகளையும் அதே கேள்வியில் எடுத்துவருவது) போதும். ஆனால் இரண்டு தொகுப்புகளை ஒரே கேள்வியில் இணைத்தால், 20 கொள்முதலும் 10 முன்பணமும் உள்ள ஒருவருக்கு 200 வரிசைகள் வந்து சேரும். இருப்புப் பட்டியலுக்கோ பொருள்களே தேவையில்லை. கூட்டலைத் தரவுத்தளத்திடமே விட்டு, எண், பெயர், இருப்பு என மூன்று நெடுவரிசைகளை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். பொருள்நோக்கு நிரலாக்கத்தில் ஊறியவர்களுக்கு இது இழுக்காகப் படலாம். எனக்கு அப்படிப் படவில்லை.

மாலையில் அன்றைய பதிவுகளை மொத்தமாகச் சேமிப்பதற்கு, பல பதிவுகளை ஒன்றாகத் தொகுத்து அனுப்பும் 'பேட்ச் சைஸ்' அமைப்பு உண்டு. ஆனால் முதன்மைச் சாவி (ஒவ்வொரு பதிவையும் அடையாளங்காட்டும் எண்), பதிவு சேரும்போது தரவுத்தளமே கொடுக்கும் 'ஐடென்டிட்டி' வகையாக இருந்தால், புதிய பதிவுகளைத் தொகுத்து அனுப்புவதை ஹைபர்னேட் ஓசையின்றிக் கைவிட்டுவிடும். உங்கள் தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ் என்றால், சாவிகளை முன்கூட்டியே வாங்கிவைக்கும் 'சீக்வென்ஸ்' முறைக்கு மாறுங்கள். இயல்பான அமைப்பில் ஒரு பயணத்துக்கு 50 சாவிகள் கிடைக்கும்.

கேஷ் (படித்த தரவின் நகலைக் கிளைக் கணினியிலேயே வைத்துக்கொள்வது) வைப்பதில் நிதானம் வேண்டும். தர வகைகளையும் கிளைப் பெயர்களையும் தாராளமாக வைக்கலாம். நாளுக்கு நாள் மாறும் விலையை அன்றைக்கு மட்டும் வைக்கலாம். உறுப்பினரின் இருப்பைக் கூடவே கூடாது. குலசேகரத்தில் கொடுத்த பணம் மார்த்தாண்டத்துக் கணினியின் கேஷுக்குத் தெரியாது. இருப்பைத் திருத்தும் இடங்களில் ஒவ்வொரு திருத்தத்துக்கும் மாறும் 'வெர்ஷன்' புலம் ஒன்றைச் சேர்த்தால், பழைய நிலையைப் படித்துவிட்டுப் பிந்தி எழுத வருபவர் தடுக்கப்படுவார்.

நிரலில் கைவைக்க வழியே இல்லையென்றால், மென்பொருளையும் மும்பைக்கே, தரவுத்தளத்தின் பக்கத்துக்குக் கொண்டுபோய், கிளைகளில் உலாவியை மட்டும் வையுங்கள். 501 கேள்விகள் அப்போதும் ஓடும். ஆனால் ஒவ்வொன்றும் 1,300 கி.மீ. கடக்க வேண்டியிராது.