உப்பைப் பார்த்தீர்களா? குடலைக் காலி செய்தீர்களா? – வாசகர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை தொண்டியிலிருந்து மூக்கையூர் வரையிலான கடலோரத்திலிருந்து வந்தவை. மண்புழுவை வைத்து மண்ணில் கன உலோகம் இருக்கிறதா என்று பார்க்கலாம் என்ற செய்தி நன்றாகவே பரவியிருக்கிறது. எப்படிப் பார்ப்பது என்பதுதான் இன்னும் பரவவில்லை.

உரத்தொட்டியில் வளர்க்கும் புழுக்களையே வயலில் விட்டுச் சோதிக்கலாமா?
– கல்லூரி மாணவர், கீழக்கரை

வேண்டாம் தம்பி. உரத்தொட்டியில் இருப்பவை பெரும்பாலும் ஐசீனியா அல்லது யூட்ரிலஸ். சாணத்திலும் மக்கிலும் வாழ்கிற அவை வெறும் வயல்மண்ணில் தாக்குப்பிடிக்காது. ஆய்வகத்தில் செயற்கை மண் கலந்து நஞ்சைச் சோதிக்க உலகம் முழுவதும் ஐசீனியாவைத்தான் எடுக்கிறார்கள். அது வேறு வேலை. உங்கள் வயலைப் பற்றித் தெரிய வேண்டுமானால், அங்கே ஏற்கெனவே குடியிருக்கும் லாம்பிட்டோ என்ற வயல் மண்புழுவைத் தோண்டி எடுங்கள். கிளைடெல்லம், அதாவது உடம்பின் முன்பகுதியில் வளையமாகத் தடித்த பட்டை, தெளிவாகத் தெரியும் முதிர்ந்த புழுக்கள் மட்டும் போதும். குஞ்சும் பெரிசும் கலந்தால் வரும் எண்ணுக்குப் பொருள் இல்லை.

அளப்பதற்கு முன் புழுவின் குடலைக் காலி செய்வது கட்டாயமா?
– ஆசிரியை, ராமநாதபுரம்

கட்டாயம். ஈரமான வடிதாளில் ஒன்றிரண்டு நாள் விடுங்கள். தாளைக் காலையும் மாலையும் மாற்றுங்கள். இல்லாவிட்டால் கழித்த மண்ணையே திரும்பத் தின்றுவிடும். குடலில் மண்ணோடு அரைத்தால், புழு என்ற பெயரில் மண்ணைத்தான் அளப்பீர்கள்.

புகைப்படம் இணைத்துள்ளேன். இந்தப் புழு கறுத்திருக்கிறது. என்ன உலோகம் என்று சொல்லவும்.
– பெயர், ஊர் இல்லை

புகைப்படத்தில் காட்மியம் தெரியாது.

இறால் பண்ணைக்கு அடுத்த என் நிலத்தில் கடையில் வாங்கிய 200 மண்புழுக்களை விட்டேன். இரண்டே நாளில் அத்தனையும் செத்துவிட்டன. பண்ணைக் கழிவில் கன உலோகம் இருப்பது உறுதியாகிவிட்டது. கலெக்டர் அலுவலகத்தில் மனுவும் கொடுத்துவிட்டேன். அடுத்து என்ன செய்யலாம்?
– விவசாயி, சாயல்குடி அருகில்

மனு கொடுத்த பிறகு கேள்வி கேட்கிறீர்கள். வரிசை மாறிவிட்டது.

உப்பைப் பார்த்தீர்களா? உங்கள் கடிதம் இரண்டு பக்கம் நீள்கிறது, இ.சி. (மண்ணின் உப்பைக் காட்டும் மின்கடத்துதிறன்) என்ற இரண்டு எழுத்து அதில் எங்குமே இல்லை. மண்புழு தோல் வழியாகத்தான் மூச்சு விடுகிறது. தோல் எப்போதும் ஈரமாக இருந்தாக வேண்டும். உவர்மண்ணில் போட்டால் உடம்பிலுள்ள நீர் வெளியேறி, சுருங்கிச் சாகும். அதற்கு ஈயமும் தேவையில்லை, பாதரசமும் தேவையில்லை. இ.சி. மீட்டருக்கு 4 டெசிசீமென்ஸைத் தாண்டினால் உவர்நிலம் என்பது பாடப்புத்தகக் கணக்கு. புழு அதற்கு வெகு முன்பே முட்டைக்கூடு இடுவதைக் குறைத்துக்கொள்ளும். கடல்நீர் ஏற்றும் குளத்துக்குப் பக்கத்து நிலத்தில் உப்பு கசியாமல் இருந்தால்தான் ஆச்சரியம். உப்பு கசிந்ததே உங்கள் புகாராக இருந்தால் அது நியாயமான புகார், அளந்து நிரூபிக்கவும் சுலபம். அதை விட்டுவிட்டு உலோகம் என்று எழுதிக் கொடுத்தால், எதிர்த்தரப்பு ஒரே ஒரு மண் பரிசோதனையில் உங்கள் வாயை அடைத்துவிடும்.

இன்னொன்று. வயலில் சாதாரணமாகக் காணப்படும் அளவில் கன உலோகம் இரண்டு நாளில் புழுவைக் கொல்வது அபூர்வம். செயற்கை மண்ணில் ஐசீனியாவை வைத்துச் செய்த சோதனைகளில், கிலோவுக்குச் சுமார் 50 மில்லிகிராம் செம்பு இருந்தாலே முட்டைக்கூடுகள் பாதியாகக் குறைகின்றன. ஆனால் பாதிப் புழுக்கள் சாக 600-க்கு மேல் வேண்டும். உலோகம் முதலில் கை வைப்பது இனப்பெருக்கத்தில். அதனால்தான் சாவைப் பார்க்கும் சோதனை 14 நாள், இனப்பெருக்கச் சோதனை 56 நாள் என்று வைத்திருக்கிறார்கள். மண்ணில் வைத்து இரண்டு நாள் கெடு கொடுப்பது, புழு அந்த மண்ணை விட்டு விலகி ஓடுகிறதா என்று பார்க்கும் சோதனைக்கு மட்டும்தான்.

இத்தோடு உப்பின் கதை முடிவதில்லை. உப்பிலுள்ள குளோரைடு காட்மியத்தோடு சேர்ந்து அதை மண்துகளிலிருந்து கழற்றிவிடும். ஆகவே உவர்மண்ணில் காட்மியம் குறைவாக இருந்தாலும் பயிரும் புழுவும் எடுத்துக்கொள்வது கூடலாம். நம் கடலோர மணலில் மக்குச் சத்தும் குறைவு, உலோகத்தைப் பிடித்து வைக்க ஆள் இல்லை. இந்தக் காரணங்களால்தான் இங்கே மண் பரிசோதனை மட்டும் போதாது, உயிரின் உடம்பில் எவ்வளவு ஏறியது என்றும் பார்க்க வேண்டும் என்கிறேன். நீங்கள் கொன்ற 200 புழுக்கள் அதைச் சொல்லவில்லை.

செய்ய வேண்டியது: உங்கள் நிலத்தின் உட்பக்கத்திலும், பண்ணையிலிருந்து தள்ளி அதே வகை மண் உள்ள இன்னோர் இடத்திலும் இ.சி. பாருங்கள். இரண்டு இடத்திலும் இயல்பாக வாழும் ஒரே இனப் புழு கிடைத்தால் எடுத்துக் குடலைக் காலி செய்து ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். ஒப்பிட இரண்டாவது இடம் இல்லாத முடிவை நான் படிப்பதே இல்லை.

மண்ணில் காட்மியம் 1, புழுவில் 8 என்று முடிவு வந்திருக்கிறது. ஈயம் தலைகீழாக, மண்ணில் அதிகம், புழுவில் குறைவு. கருவி பழுதா?
– ஆய்வு மாணவி, மண்டபம்

கருவி நன்றாகத்தான் இருக்கிறது. காட்மியத்தை மெட்டலோதயோனின் என்ற புரதம் கட்டிப் பிடித்து உடம்பிலேயே சேர்த்து வைத்துவிடும். அதனால் மண்ணைவிடப் பல மடங்கு ஏறுவது வழக்கம். ஈயத்தில் புழுவின் அளவை மண்ணின் அளவால் வகுத்தால் பெரும்பாலும் ஒன்றுக்குக் கீழேயே நிற்கும். துத்தநாகத்தையும் செம்பையும் புழு தனக்குத் தேவையான அளவில் ஓரளவு கட்டுப்படுத்திக்கொள்வதால், அவற்றை உடம்பில் அளந்து மாசின் அளவை ஊகிப்பது சிரமம். உலர்எடையா ஈரஎடையா என்று நீங்கள் எழுதவில்லை. அடுத்த முறை எழுதுங்கள்.

வீட்டுக்குப் பின்னால் பல வருடமாக வலைக்கு ஈயக் குண்டு உருக்கி வார்க்கிறோம். கோழிகள் அங்கே கிளறிப் புழு தின்கின்றன. மண்புழு பிடித்துச் சோதிக்கலாமா?
– வாசகி, பாம்பன்

அம்மா, உங்களுக்குப் புழு வேண்டாம். ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை. குழந்தைகளுக்குத்தான் ஆபத்து அதிகம். கோழி புழுவோடு மண்ணையும் சேர்த்துத்தான் விழுங்குகிறது, அது முட்டைக்கும் வரும். உருக்கும் வேலையை வீட்டை விட்டுத் தள்ளி மாற்றுங்கள். அந்த இடத்தை வேலி போட்டு அடையுங்கள், மேல்மண்ணைச் சொந்தமாக வெட்டித் தோட்டத்தில் கொட்டிவிடாதீர்கள். வீட்டில் சிறு பிள்ளைகள் இருந்தால் ரத்தத்தில் ஈய அளவு பார்க்கச் சொல்லி அரசு மருத்துவமனையில் கேளுங்கள். வார்த்த கையோடு பிள்ளையைத் தூக்க வேண்டாம் என்று வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள். மண் பரிசோதனை இவற்றுக்குப் பிறகு.

நகராட்சிக் குப்பையில் செய்த மண்புழு உரத்தைக் குண்டு மிளகாய்க்குப் போடுகிறேன். உலோகத்தை எல்லாம் புழு தின்றுவிடும் என்று விற்றவர் சொல்கிறார்.
– ஆர்.எஸ். மங்கலம்

விற்றவர் விற்கத்தான் சொல்வார். உலோகம் மக்காது, அழியாது. குப்பை மக்கிச் சுருங்கும்போது உள்ளிருக்கும் உலோகம் கிலோவுக்கு அதிகமாகும். புழு எடுப்பது கொஞ்சம். அதுவும் அந்தப் புழுவை வெளியே எடுத்தால்தான் கணக்கு. பேட்டரி, டியூப்லைட் கலந்த குப்பை என்றால் தொடவே வேண்டாம். மிளகாய்க்குக் காப்பர் ஆக்ஸிகுளோரைடு அடிப்பவரும் நீங்கள்தானே? அந்தச் செம்பும் மண்ணில்தான் சேர்கிறது.

கரையில் ஒதுங்கிய கடற்பாசிக் குவியலின் அடியில் இளஞ்சிவப்பாக மண்புழு போலவே கிடக்கிறது. உப்பில் எப்படி வாழ்கிறது?
– மீனவ இளைஞர், ஏர்வாடி

நல்ல கண். பெரும்பாலும் அது பான்டோட்ரிலஸ் லிட்டோரலிஸ், உப்பைத் தாங்கும் கடலோர மண்புழு. பக்கவாட்டில் சிறு சிறு துடுப்பு போன்ற கால்கள் இருந்தால் அது மண்புழு அல்ல, தூண்டிலுக்குப் போடும் கடற்புழு. உப்பு மண்ணில் உலோகம் பார்க்க எனக்குப் பிடித்த ஆள் இவர்தான். ஆனால் இவருடைய அளவை இவருடைய இனத்தோடு மட்டும் ஒப்பிட வேண்டும். லாம்பிட்டோவோடு வைத்துப் பார்க்காதீர்கள். மன்னார் வளைகுடாத் தீவுகளில் தோண்டப் போகாதீர்கள். அது தேசியப் பூங்கா, வனத்துறை அனுமதி வேண்டும்.

என் நிலத்தில் புழுவே இல்லை. மாசுதானே?
– தேவிபட்டினம்

எந்த மாதம் தோண்டினீர்கள்? ஐப்பசி மழை இறங்கிய பிறகு, கார்த்திகை முதல் தை வரை பாருங்கள். கோடையில் லாம்பிட்டோ ஆழத்துக்குப் போய்ச் சுருண்டு படுத்துவிடும். சித்திரையில் தோண்டினால் கடப்பாரைதான் வளையும்.