‘அந்த அம்மா எப்பங்க சாவாங்க?’: பேரழிவுக் கதையில் மனைவி பாத்திரத்தைச் சரிசெய்வது

கேள்வி: கடல் ஏறி மும்பையை விழுங்கும் கதை ஒன்றைத் தமிழில் எழுதி முடித்திருக்கிறேன். 118 பக்கம். ராஜன் துறைமுகத்தில் கிரேன் இயக்குபவன். மனைவி கலா தாராவியில் வீட்டிலேயே இட்லி அவித்து விற்பனைக்குக் கொடுப்பவள். ஒரு மகள், கூடவே ராஜனின் அம்மா. 7-ஆம் பக்கத்தில் கடல் உள்வாங்குவதை ராஜன் பார்க்கிறான். ஓடிவந்து கிளம்பச் சொன்னால் கலா மறுக்கிறாள். 24-ஆம் பக்கம்வரை மறுத்துக்கொண்டே இருக்கிறாள். படித்த நண்பர்கள் எல்லாரும் ‘அந்த அம்மா எப்பங்க சாவாங்க?’ என்கிறார்கள். கலாவை அன்பானவளாக மாற்றட்டுமா, இடைவேளைக்கு முன்பே சாகடித்துவிடட்டுமா?
வாசகர், தாராவி

பதில்: இரண்டும் வேண்டாம். அன்பானவளாக மாற்றினால் கலா இன்னும் மங்கிப்போவாள். சாகடித்தால் தியேட்டரில் கைதட்டல் விழும். உங்கள் படத்துக்கு அதைவிடப் பெரிய நஷ்டம் கிடையாது. அவளுடைய குணத்தில் கோளாறு இல்லை. 7-ஆம் பக்கத்துக்கும் 24-ஆம் பக்கத்துக்கும் நடுவில்தான் கோளாறு.

திரைக்கதையில் ஒரு பக்கம் என்பது ஏறக்குறைய ஒரு நிமிடம். 17 நிமிடம் படம் பார்ப்பவருக்குக் கடல் வருவது தெரியும், கலாவுக்குத் தெரியாது. அவள் சொல்லும் ஒவ்வொரு ‘மாட்டேன்’ஐயும் அவர் தனக்குத் தெரிந்ததை வைத்தே எடைபோடுவார். வேலைக்குப் போன புருஷன் பாதியில் ஓடிவந்து ‘எல்லாத்தையும் விட்டுட்டு வா’ என்றால் யார்தான் உடனே கிளம்புவார்கள்? ஆனால் அவர் அப்படி யோசிக்க மாட்டார். டிரெய்லரில் கடலைப் பார்த்துவிட்டுத்தானே டிக்கெட் எடுத்திருக்கிறார்!

முதலில் ஒரு பரிசோதனை. நான்கு கலர் பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள். கலாவின் வசனங்களை மட்டும் குறியுங்கள்: கேள்வி சிவப்பு, மறுப்பு நீலம், புதுத் தகவல் பச்சை, முடிவு மஞ்சள். முதல் 40 பக்கம் போதும். சிவப்பும் நீலமும் பாதிக்கு மேல் இருந்தால் அவளுக்குப் பாத்திரம் எழுதவில்லை, கதாநாயகனுக்கு முட்டுக்கட்டை எழுதியிருக்கிறீர்கள். பச்சையும் மஞ்சளும் அடியோடு இல்லாத ஆளைப் பார்வையாளர் எப்போதுமே வெறுப்பார்; அது புருஷனாக இருந்தாலும் மாமனாராக இருந்தாலும் இதேதான். ராஜனுக்கும் இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். மஞ்சள் முழுக்க அவனிடம் குவிந்திருக்கும்.

இனி அந்த 17 பக்கம். அதை இரண்டு பக்கமாகச் சுருக்கலாம்; அல்லது கடல் உள்வாங்குவதைப் பார்வையாளருக்கும் காட்டாமல் வைத்துக்கொள்ளலாம். இரண்டுமே வேலை செய்யும். ஆனால் உங்கள் கதை நடக்கும் ஊரே இதைவிட நல்ல வழி ஒன்று வைத்திருக்கிறது: கலாவுக்கு முதலில் தெரியட்டும்.

2005 ஜூலை 26-ஐ நினைத்துப் பாருங்கள். 24 மணி நேரத்தில் சாந்தாகுரூஸில் 944 மில்லிமீட்டர் மழை. அதே நேரத்தில் கொலாபாவில் சுமார் 73 மில்லிமீட்டர்தான். ஒரே நகரம், தெற்கே இருந்தவர்களுக்கு அது வழக்கமான மழைநாள், வடக்கே மித்தி ஆறு குர்லாவுக்குள்ளும் கலீனாவுக்குள்ளும் ஏறிக்கொண்டிருந்தது. தாராவிக்கு வடக்கு எல்லையே அந்த மித்திதான். அதோடு, மும்பையின் மழைநீர் வடிகால் வாய்கள் பலவும் கடல் ஏற்றமட்டத்துக்குக் கீழே இருப்பவை. கடல் ஏறினால் உள்ளே இருக்கும் தண்ணீர் வெளியேறாது. வடிகால் வழியே ஊருக்குள் எதிர்த்து வரும். ஆக, உங்கள் கதையில் கடல் ஏறுவதன் முதல் அறிகுறி துறைமுகத்தில் தெரிய வேண்டியதே இல்லை. மழையே இல்லாத விடியற்காலை, மாவு அரைக்க எழுந்த கலா, வாசலில் சாக்கடைத் தண்ணீர் தலைகீழாக ஓடிவருவதைப் பார்க்கலாம். அவள் ராஜனுக்குப் போன் போடட்டும். ‘ஏதாவது அடைப்பா இருக்கும், முனிசிபாலிட்டிக்குச் சொல்லு’ என்று அவன் சொல்லட்டும். அவளும் மாநகராட்சியின் 1916 எண்ணுக்கு அழைத்து, காத்திருந்து, வைத்துவிடட்டும். ஒன்றரைப் பக்கம் போதும். இதற்குப் பிறகு அவள் எதை மறுத்தாலும், முதலில் பார்த்தவள் அவள் என்பது பார்ப்பவர் மனதில் நிற்கும்.

அடுத்தது மறுப்பு. மறுப்பு இருக்கட்டும், எடுத்துவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் 20 நிமிடத்துக்கு உங்களிடம் நாடகமே இல்லை. அதற்கு ஒரு விலை வேண்டும். இப்போது உங்கள் பிரதியில் அவள் பேசுவது இந்தத் தினுசில்தான் இருக்கும் என்று ஊகிக்கிறோம்:

‘உங்களுக்கு என்ன பைத்தியமா? பிள்ளையைக் கூட்டிட்டு எங்க போறது? நான் வரல.’

இது வெறும் நீலம். ராஜனின் அம்மாவுக்குச் சிறுநீரகக் கோளாறு, வாரம் இரண்டு முறை டயாலிசிஸ் என்று வைத்துக்கொண்டால் அதே மறுப்பு இப்படி மாறும்:

‘அத்தைக்கு நாளைக்கு டயாலிசிஸ். போன தடவை சனிக்கிழமை பண்ணுனது, இன்னைக்குச் செவ்வாய். நீங்க போற ஊர்ல மெஷின் இருக்கான்னு மட்டும் சொல்லுங்க. இப்பவே கிளம்புதேன்.’

இதில் பச்சை இருக்கிறது, மஞ்சளும் இருக்கிறது. பார்ப்பவருக்கு ஒரு கடிகாரமும் கையில் கிடைக்கிறது. குழந்தைக்கு இன்சுலின் என்று வைக்கத் தோன்றும்; வேண்டாம். ‘கிரீன்லேண்ட்’ (2020) படத்தில் அது வந்தாயிற்று. டயாலிசிஸ் உங்களுக்கு இன்னொன்றும் தரும். பேரழிவுப் படங்களில் அபூர்வமாகவே கிடைக்கிற ஒன்று: பார்க்கக் கொடுமையாகவும் உள்ளே அக்கறையாகவும் இருக்கும் ஒரு செயல்.

சிறுநீரகம் வேலை செய்யாதவருக்குப் பொட்டாசியம் இரத்தத்திலேயே தங்கிவிடும். அளவு மீறினால் இதயத் துடிப்பு தடுமாறும், நின்றும் போகலாம். வாழைப்பழத்திலும் இளநீரிலும் பொட்டாசியம் அதிகம். வெள்ள நிவாரணத்தில் முதலில் கைக்கு வருவது எது? வாழைப்பழமும் பிஸ்கட்டும்தான். டயாலிசிஸ் தவறி இரண்டு நாளான பிறகு, ஒரு மொட்டைமாடியில், பசியில் துவண்ட கிழவி கையில் யாரோ ஒரு பழத்தைக் கொடுக்கிறார்கள். கலா அதைத் தட்டிவிடுகிறாள். மாடியே அவளைத் திட்டுகிறது. ராஜன்கூட.

இந்தக் காட்சி வேலை செய்ய, விதையை முன்பே போட்டிருக்க வேண்டும். 5-ஆம் பக்கம் வாக்கில் ஒரு சமையல் காட்சி. நறுக்கிய உருளைக்கிழங்கை நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கலா கீழே கொட்டுகிறாள். டயாலிசிஸ் நோயாளி வீடுகளில் பொட்டாசியத்தைக் குறைக்கச் செய்யும் வேலை இது. மாமியார் முணுமுணுக்கிறார்: ‘சத்தெல்லாம் சாக்கடைக்குப் போவுது.’ கலா பதில் சொல்லவில்லை. விளக்கமும் வேண்டாம். மாடிக் காட்சியில் விளக்கம் எங்கே வரவேண்டும் என்பதுதான் நுணுக்கம். பழத்தைத் தட்டிவிடுவதற்கு முன்பே ‘பொட்டாசியம்’ என்று அவள் சொல்லிவிட்டால் காட்சி பாடமாகிவிடும். பத்து நிமிடம் கழித்துச் சொன்னால், அதற்குள் பார்வையாளர் அவளை மனதால் கைகழுவியிருப்பார். தட்டிவிட்ட ஒரு நிமிடத்துக்குள், கூட்டத்தில் வேறொருவர் வாயால், அரைகுறையாக வரட்டும். நர்ஸ் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி, ‘டயாலிசிஸ் பேஷண்டா?’ என்று மட்டும் கேட்டால் போதும். உருளைக்கிழங்கு நினைவில் உள்ளவர்கள் அவர்களாகவே சேர்த்துக்கொள்வார்கள்.

இட்லித் தொழிலைத் தேர்ந்தெடுத்தது நல்ல யோசனை, ஆனால் அதைப் பயன்படுத்தவே இல்லையே. அரிசி மூட்டை, உளுந்து, கேஸ் சிலிண்டர், பெரிய இட்லிக் கொப்பரை, டிரம்மில் பிடித்து வைத்த தண்ணீர் எல்லாம் உள்ள வீடு, மூழ்கும் நகரத்தில் கிரேன் இயக்குபவனைவிட மதிப்புள்ளது. சந்தில் இருக்கும் அத்தனை பேருக்கும் யார் சோறு போடுவது, எத்தனை நாளைக்கு, யாருக்கு இல்லை என்று சொல்வது? அந்த முடிவுகளைக் கலா எடுக்கட்டும். சிலது தப்பாகவும் போகட்டும்.

ராஜனில்லாமல் அவளுக்கு மூன்று காட்சியாவது கொடுங்கள். ‘கிரீன்லேண்ட்’ கணவனின் துரோகத்தால் பிளந்த குடும்பத்தோடு தொடங்குகிறது; நடுவில் தம்பதி பிரிந்துவிடுகிறார்கள். மகனோடு மனைவி தனியாகத் தந்தை வீட்டுக்குப் போகும் வழியில், வண்டியில் ஏற்றிக்கொண்டவர்களே பிள்ளையைப் பறித்துக்கொள்கிறார்கள். அந்தப் பகுதியில் கேமரா அவளோடுதான் நிற்கிறது. அவள் ‘கதாநாயகனின் மனைவி’யாக இருப்பது அங்கே முடிந்துவிடுகிறது. எதிர் உதாரணம் ‘வேர்ல்ட் வார் இசட்’ (2013). தென் கொரியாவில், ஓசை கேட்டால் பாய்ந்து வரும் ஜாம்பிக் கூட்டத்துக்கு நடுவே நாயகன் சத்தமில்லாமல் சைக்கிளில் நழுவும்போது மனைவி போன் செய்கிறாள், மணி அடிக்கிறது, ஆட்கள் சாகிறார்கள். உயிரோடிருக்கிறானா என்று தெரிந்துகொள்ள அழைத்தவள்மேல் ஒரு தப்பும் இல்லை. இருந்தும் பழி அவள்மேல். மனைவியின் அக்கறையை ஆபத்தின் பொத்தானாக வைக்காதீர்கள். உங்கள் 61-ஆம் பக்கத்திலோ 70-ஆம் பக்கத்திலோ இப்படி ஒரு போன் இருந்தால் இன்றே வெட்டிவிடுங்கள்.

சாகடிப்பது பற்றி. 2009-இல் வந்த ‘2012’ படத்தில் முன்னாள் மனைவியின் இப்போதைய துணைவன் கோர்டன் விமானம் ஓட்டி எல்லாரையும் காப்பாற்றுகிறான். கடைசியில், உயிர் தப்பக் கட்டிய ராட்சதக் கப்பலின் பற்சக்கரத்தில் நசுங்கிச் சாகிறான். கொஞ்ச நேரத்தில் பழைய தம்பதி சேர்ந்துவிடுகிறார்கள். யாரும் அவனுக்காக உட்கார்ந்து அழுததாகத் தெரியவில்லை. இடத்தைக் காலி செய்வதற்காகவே ஒருவரைக் கொன்றால், அந்த வசதி திரையில் பளிச்சென்று தெரியும்.

பிடிக்காத துணை ஒன்று கதைக்கு வேண்டும் என்றே வைத்துக்கொள்வோம். அதைக் கலாவிடம் ஏன் தேடுகிறீர்கள்? ‘ஃபோர்ஸ் மஷூர்’ (2014) பேரழிவுப் படமே அல்ல, பனிச்சறுக்கு விடுதியில் நடக்கும் குடும்பக் கதை. பனிச்சரிவு தங்களை நோக்கி வருவதாகத் தோன்றியதும் அப்பன் போனையும் கையுறையையும் எடுத்துக்கொண்டு, பெண்டாட்டி பிள்ளைகளை விட்டு ஓடுகிறான். ஒன்றும் ஆகவில்லை, திரும்பி வருகிறான். மீதிப் படம் முழுக்க அவனை நாம் சகிக்க முடியாமல் போவது ஓடியதற்காக அல்ல. ஓடவே இல்லை என்று சாதிப்பதற்காக. ‘28 வீக்ஸ் லேட்டர்’ (2007) தொடக்கத்தில் ஒருவன் மனைவியைச் சாவின் வாயில் விட்டுவிட்டு ஜன்னல் வழியே குதித்து ஓடுகிறான். அதற்குக்கூட மனம் ஒரு சமாதானம் தேடும். பிள்ளைகளிடம் அவன் பொய் சொல்லும்போதுதான் அந்தச் சமாதானம் கெடுகிறது. உங்கள் ராஜனுக்கு இந்த அளவு ஒரு செயலும் அதன் பின்னே ஒரு பொய்யும் கொடுத்துப் பாருங்கள். வாசலில் தண்ணீர் எதிர்த்து வருவதாகக் கலா அழைத்த போனையே, ‘எனக்கு அப்படி ஒரு போன் வரவே இல்லை’ என்று அம்மாவிடம் அவன் சொல்வது போதுமானது. படம் இன்னும் ஒரு படி ஏறிவிடும்.

வில்லத்தனமில்லாமல் பிடிக்காதவனாகத் தொடங்கும் ஆளுக்கு ‘டிரெயின் டு பூசான்’ (2016) பாருங்கள். மூதாட்டிக்கு இடம் கொடுத்த மகளிடம், இந்த மாதிரி நேரத்தில் தன்னை மட்டும் பார்த்துக்கொள் என்கிறான் அப்பா. ஒரே வசனம்தான். அதற்கான கணக்கை மீதிப் படத்தில் அவன் செயலால் தீர்க்கிறான்.

எழுத்தில் பிடிபடாத ஒன்று உண்டு. பல படங்களில் மனைவியை வெறுக்க வைப்பது எழுத்து அல்ல, ஒலிக்கலவை. மனிதக் காது ஏறக்குறைய 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையான ஒலிக்கு அதிகக் கூர்மை உள்ளது; அலறலின் குத்தும் பகுதி பெரும்பாலும் அங்கேதான் விழுகிறது. அலை, இடி, கட்டடம் சரிவது எல்லாவற்றுக்கும் மேலே கேட்கட்டும் என்று டப்பிங்கில் நடிகையை உச்சத்தில் கத்தவிட்டால், மூன்றாவது அலறலில் பார்ப்பவர் பொறுமை போய்விடும். ‘கலா அலறுகிறாள்’ என்று பிரதியில் எத்தனை இடத்தில் இருக்கிறது என்று எண்ணுங்கள். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற இடங்களில் கைக்கு ஒரு வேலை கொடுங்கள்: கயிறு கட்டுவது, பிள்ளையை இரும்பு ஏணியில் மேலே தள்ளுவது, சிலிண்டர் வால்வை மூடுவது.

திருத்தும் வரிசையும் முக்கியம். முதல் வாரம் வசனத்தைத் தொடாதீர்கள். யாருக்கு எது எப்போது தெரியும் என்பதை மட்டும் ஒரு தாளில் இரண்டு நெடுவரிசையாக எழுதி 7 முதல் 24 வரை மாற்றி அடுக்குங்கள். அதன் பிறகு உருளைக்கிழங்கு, மாடி, மூன்று தனிக் காட்சிகள். வசனம் கடைசியில். பழைய நண்பர்களிடமே மறுபடி கொடுக்காதீர்கள், அவர்கள் ஏற்கெனவே முடிவு கட்டியவர்கள். புதிதாக நான்கு பேரிடம் முதல் 40 பக்கத்தை மட்டும் கொடுங்கள். ‘கலாவைப் பிடித்ததா?’ என்று கேட்காதீர்கள். ‘30-ஆம் பக்கத்தில் கலாவுக்கு என்ன வேண்டும்?’ என்று கேளுங்கள். நாலு பேரில் மூன்று பேர் ஒரே பதிலைச் சொன்னால் 41-ஆம் பக்கத்துக்குப் போகலாம்.