விண்மீனைப் பாட்டில் வைப்பது எப்படி? பினாங்கு டீச்சரிடம் கேளுங்கள்

இரவு வானத்தை வைத்துக் கவிதை எழுதுகிறவர்களின் கேள்விகளுக்குப் பினாங்குத் தமிழாசிரியை ஒருவர் பதில் தருகிறார். மரபும் கேட்கலாம், புதுக்கவிதையும் கேட்கலாம்.

செந்தூல் வாசகர்: டீச்சர், கோலாலம்பூர் மொட்டை மாடியில் நிற்கும் ஒருவன் "துருவ நட்சத்திரமே வழி காட்டு" என்று கேட்பதாக எழுதியிருக்கிறேன். சரியா?

அவன் கண்ணுக்கு அது தெரியாது. ஓர் ஊரின் அட்சரேகை எத்தனை பாகையோ, ஏறக்குறைய அத்தனை பாகை உயரத்தில்தான் துருவ மீன் அங்கே நிற்கும். கோலாலம்பூருக்கு 3, பினாங்குக்கு 5 சொச்சம். கையை நீட்டி மூன்று விரலைச் சேர்த்துப் பிடித்தால் 5 பாகை. அந்த உயரத்தில் புகைமூட்டமும் அடுக்குமாடிகளும்தான் இருக்கும். வடக்கைக் காட்ட ஒரு மீன் வேண்டுமென்றால் சப்தரிஷி மண்டலத்தை வையுங்கள். மே மாத நடுவில் இரவு 11 மணி வாக்கில் வடக்கே 40 பாகை உயரத்தில் நிற்கும். எந்த மீனைப் பாட்டில் வைத்தாலும் மூன்றைப் பாருங்கள்: மாதம், மணி, திசை.

சுங்கைப் பட்டாணி வாசகர்: சங்கப் பாட்டில் வரும் "வடமீன்" துருவம்தானே?

இல்லை, அருந்ததி. "வடமீன் புரையும் கற்பின் மடமொழி அரிவை" என்று மலையமான் திருமுடிக்காரியின் மனைவியைக் கபிலர் பாடுகிறார் (புறநானூறு 122). கற்புக்கு உவமை என்பதால் ஐயத்துக்கு இடமில்லை. சிலம்பில் கண்ணகியைச் "சாலி ஒருமீன் தகையாள்" என்பதும் அதே மீன்தான். சப்தரிஷி வால் பகுதியில் நடு மீன் வசிட்டர், அவரை ஒட்டி மங்கலாக நிற்பது அருந்ததி. பிரிக்பீல்ட்ஸ் விளக்கு வெளிச்சத்தில் வசிட்டர் கிடைப்பார், அருந்ததிக்கு நகரத்தை விட்டு வெளியே போக வேண்டும்.

ஈப்போ வாசகர்: நட்சத்திரப் பெயர்களை வைத்து வெண்பா எழுதினால் ஆசிரியர் "தளை தட்டுகிறது" என்று திருப்பி அனுப்புகிறார். "வடமீன் கண்டு நின்றேன்" என்று தொடங்குகிறேன்.

பாதிப் பழி உங்கள் மேல், பாதிப் பழி பெயர்கள் மேல். வெண்பாவில் கனிச்சீர், அதாவது நிரையசையில் முடியும் மூவசைச் சீர், நுழையாது. நட்/சத்/திரம் என்று அலகிட்டுப் பாருங்கள்: நேர் நேர் நிரை, தேமாங்கனி. திருவாதிரை புளிமாங்கனி. மிருகசீரிடம் கருவிளங்கனி. மூன்றையும் வாசலிலேயே நிறுத்துங்கள். பதிலுக்கு விண்மீன் (தேமா), ஆதிரை (கூவிளம்), மான்றலை (கூவிளம், மிருகசீரிடத்தின் பழைய பெயர்) இருக்கின்றன. கார்த்திகையும் ரோகிணியும் கூவிளம், அருந்ததி கருவிளம். இவற்றால் தொல்லை இல்லை.

இனி உங்கள் அடி. "வடமீன்" புளிமா. மாவுக்குப் (தேமா, புளிமா) பின் நிரை வர வேண்டும். "கண்டு" நேரில் தொடங்குவதால் அங்கேயே தட்டிவிட்டது. "வடமீன் தெரியாத வானில்" என்று போடுங்கள்: புளிமா, புளிமாங்காய், தேமா. மா முன் நிரை, காய் முன் நேர், இரண்டும் சரி. ஆதிரை, கார்த்திகை போன்ற விளச்சீருக்குப் பின் நேர் வர வேண்டும், மறக்காதீர்கள்.

ஈற்றுச்சீரில்தான் நிறையப் பேர் விழுகிறார்கள். வெள்ளி, திங்கள், வானம் என்று வெண்பாவை முடிக்க முடியாது. மீன், விண் (நாள்), மதி (மலர்), விளக்கு (பிறப்பு) என்று முடிக்கலாம்; அடைப்புக்குள் இருப்பது வாய்பாடு.

பட்டர்வொர்த் வாசகர்: துருவ நட்சத்திரத்தை வெண்பாவில்...

செந்தூல்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

கூலிம் வாசகர்: "நள்ளிரவில் உச்சியில் வெள்ளி" என்று எழுதலாமா?

கூடாது. வெள்ளி சூரியனை விட்டு 47 பாகைக்கு மேல் விலகாது. நம் ஊரில் சூரியன் மறைந்த மூன்று மணி நேரத்துக்கும் கொஞ்சம் மேலே போனால் அதுவும் மறைந்துவிடும். இல்லையென்றால் விடியலுக்கு முன் கிழக்கே வரும். மாலைப் பிறை கிழக்கே எழுவதாக எழுதுகிறவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: வளர்பிறைக் கீற்று மேற்கில், தேய்பிறைக் கீற்று விடியலில் கிழக்கில். மாதம், மணி, திசை!

பிறை (ஊர்) வாசகர்: டீச்சர், சங்கப் புலவர்கள் மட்டும் இதையெல்லாம் பார்த்தா எழுதினார்கள்?

புறநானூறு 229 படியுங்கள். யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை இறப்பதற்கு ஏழு நாள் முன்பு விழுந்த மீனைக் கூடலூர் கிழார் பாடியது. மீன் விழுந்ததைச் சொல்லுமுன் வானத்தையே படம் போடுகிறார். பங்குனி முற்பாதி, நள்ளிரவு, "தலை நாள்மீன் நிலை திரிய, நிலை நாள்மீன் அதன் எதிர் ஏர்தர, தொல் நாள்மீன் துறை படிய". பழைய உரையின்படி உச்சியிலிருந்து சாய்வது உத்திரம், கிழக்கே எழுவது மூலம், மேற்கே இறங்குவது மிருகசீரிடம்.

இதை நீங்களே சோதிக்கலாம். ஸ்டெல்லேரியம் என்ற வானம் காட்டும் மென்பொருளில் பினாங்கை வைத்து, மார்ச் 20 வாக்கில் அதிகாலை 1.15க்குத் திருப்புங்கள். நம் கடிகாரம் 1982லிருந்து கிரீன்விச்சை விட எட்டு மணி நேரம் முன்னால் ஓடுவதால் இங்கே உண்மையான நள்ளிரவு அப்போதுதான். உத்திரம் ஏறக்குறையத் தலைக்கு மேல். மூலம் தென்கிழக்கு அடிவானத்தில் தலைகாட்டும். மிருகசீரிடம் மேற்கே மறைகிற நேரம். 

இன்னொன்றும் உண்டு. இதே பாட்டில் வரும் "அழல் குட்டம்" என்பது கார்த்திகையின் முதற்கால், அன்றைய நாள்மீன், அதாவது நிலவு நிற்கும் இடம். பங்குனி முற்பாதியில் நிலவு கார்த்திகையில் என்றால் வளர்பிறையின் நான்காம், ஐந்தாம் நாள். உள்ளூர்ச் சூரிய நேரப்படி பத்து மணிக்குள் நிலவு மறைந்துவிடும். அதனால்தான் "ஆர் இருள் அரை இரவு". இருட்டுக்குக்கூடக் காரணம் வைத்திருக்கிறார் மனுஷர்.

கிள்ளான் வாசகர்: இவ்வளவு குறிப்பு இருக்கிறதே, அந்த ஆண்டையும் தேதியையும் கணினியில் கண்டுபிடித்துவிடலாம். இணையத்தில் போட்டிருக்கிறார்கள்.

முடியாது. இந்த மூன்று மீன்களும் ஒவ்வோர் ஆண்டும் பங்குனி நள்ளிரவில் இதே இடத்துக்கு வரும்.

கிள்ளான் வாசகர்: நிலவு இருக்கிறதே டீச்சர்? அதை வைத்துப் பிடிக்கலாமே.

நிலவு 27 நாளுக்கு ஒருமுறை கார்த்திகைக்கு வரும். ஆகவே ஏறத்தாழ இரண்டு ஆண்டுக்கு ஒரு பங்குனி முற்பாதியில் இது நடக்கும். சங்க காலம் முழுக்க நூற்றுக்கணக்கான பங்குனிகள் பொருந்தும். ஆண்டைப் பிடிக்கக் கோள் வேண்டும். வியாழன் சுற்றிவர 12 ஆண்டு, சனிக்கு 29 சொச்சம். இந்தப் பாட்டில் ஒரு கோளும் இல்லை.

பிறை வாசகர்: கிள்ளான் அண்ணே, பரிபாடல் 11ல் கோள்கள் இருக்கின்றன. அதை எடுத்துக்கொண்டு போங்கள்!

கிள்ளான் வாசகர்: 229இல் விழுந்தது வால்மீன்தான். வால்மீன் என்றால் ஆண்டு கிடைக்கும்.

வால்மீன் விழாது, நாள்கணக்கில் நிற்கும். இங்கே "ஒரு மீன் விழுந்தன்றால் விசும்பினானே". எரிந்து விழுந்த கொள்ளி அது. வால்மீனுக்குக் கபிலர் "தூமம்" என்று தனிச்சொல் போடுகிறார் (புறம் 117), கூடவே சனியை "மைம்மீன்" என்கிறார். கிள்ளான்காரரே, உங்கள் ஆர்வத்துக்கு மரியாதை. ஆனால் பாட்டில் இல்லாத தேதியைப் பாட்டின் தலையில் கட்டாதீர்கள். பரிபாடல் 11இலேயே அறிஞர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை.

கெப்போங் வாசகர்: மகள் தமிழ்ப்பள்ளி ஐந்தாம் ஆண்டு. வானம் பற்றி எளிய உவமை ஒன்று?

நற்றிணை 231. கருங்கடல்மேல் நீராடும் சிறு வெண்காக்கைகள் கைதொழும் எழுமீன் (சப்தரிஷி) போலிருக்கின்றனவாம். குழந்தை கடற்காக்கையைப் பார்த்திருந்தால் போதும்.

தாப்பா வாசகர்: எனக்கு ரேவதி. கவிதை வருமா?

ராசிபலன் பக்கத்தில் கேளுங்கள்.

பாயான் லெப்பாஸ் வாசகர்: மலாய்க்காரர்கள் வைத்த மீன் பெயர்களைத் தமிழ்க் கவிதையில் சேர்க்கலாமா?

தாராளமாக. நாம் மிருகசீரிடம், ஆதிரை என்று பிரிக்கும் இடத்தை அவர்கள் பெலாந்திக் என்று ஒரே உருவாகப் பார்க்கிறார்கள், விலங்கு பிடிக்கும் பொறி. சப்தரிஷி அவர்களுக்கு பீடோக், படகு. நாம் திரிசங்கு என்கிற தென்சிலுவை பாரி, திருக்கை. மே நடுவில் இரவு பத்துக்குத் தெற்கே பாரி நிற்க, அதே நேரம் எதிரே வடக்கில் பீடோக் நிற்கும். திருக்கையும் படகும் ஒரே அடிக்குள் வரலாம், பொய்யில்லை. ஆனால் பெலாந்திக்கையும் விருச்சிகத்தையும் ஒன்றாக உச்சியில் நிறுத்தாதீர்கள், ஒன்று எழும்போது மற்றது விழும்.

பிறை வாசகர்: 229இன் வானத்தை நேரில் பார்க்க பாலிக் பூலாவ் போகலாமா?

மேற்கே கடல் திறந்திருக்கும், மிருகசீரிடம் இறங்குவது கிடைக்கும். ஆனால் கிழக்கே மலை மறைக்கும், மூலம் கிடைக்காது. பெனாகா பக்கத்து வயல்வெளிக்குப் போங்கள், தென்கிழக்கில் ஊர் விளக்கு இல்லாத வரப்பாகப் பார்த்து நில்லுங்கள். ஒரு நாள் தள்ளினால் நான்கு நிமிடம் முன்னதாகப் போக வேண்டும். கிள்ளான்காரரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.