பொக்லைனுக்கு ஏன் ஸ்பிரிங் இல்லை? செயின் வண்டி கேள்வி-பதில்

கேள்வி: பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் 20 டன் பொக்லைன் ஓட்டுகிறேன். லாரிக்குக்கூட ஸ்பிரிங் பட்டை இருக்கிறது, இதற்கு ஏன் இல்லை? இடுப்பு விட்டுப்போகிறது.

தெரிந்தேதான் வைக்கவில்லை. ஒன்றரை டன் மண்ணோடு பூம் (வண்டியின் நீண்ட கை) பக்கவாட்டில் திரும்பும்போது அடியில் ஸ்பிரிங் இருந்தால் வண்டி தொட்டில் மாதிரி ஆடும். பக்கெட் பல்லை மட்டத்தில் நிறுத்தவே முடியாது. அதனால் நடுவில் எக்ஸ் ஃபிரேம் (எக்ஸ் வடிவ அடிச்சட்டம்), இரு பக்கமும் செயினைத் தாங்கும் டிராக் ஃபிரேம், எல்லாம் ஒரே கட்டு. ஆனால் புல்டோசர் நாளெல்லாம் நடக்கிற வண்டி. அதில் இரு பக்க டிராக் ஃபிரேமும் தனித்தனியே ஏறி இறங்கப் பின்னால் பிவட் ஷாஃப்ட் என்கிற தண்டு, முன்னால் ஈக்வலைசர் பார் என்கிற குறுக்குச் சட்டம் உண்டு; ஒரு பக்கச் செயின் கல்மேல் ஏறினாலும் மறுபக்கம் தரையை விடாது. உங்கள் சீட்டை உங்கள் எடைக்குச் சரிசெய்யுங்கள். தூரம் போவதென்றால் டிரெய்லரில் ஏற்றுங்கள்.

கேள்வி: எக்ஸ் ஃபிரேமில் விரிசல். மூன்று தடவை வெல்டிங் வைத்தும் பக்கத்திலேயே மறுபடி விடுகிறது. இன்னும் கனமான பிளேட் போடலாமா? (பீன்யா)

தயவுசெய்து வேண்டாம். நானும் ஒரு காலத்தில் அதைத்தான் செய்தேன். 20 மில்லிமீட்டர் பிளேட்டைச் சதுரமாக வெட்டி ஒட்டினேன். சில வாரத்தில் பிளேட் அப்படியே இருந்தது, அதன் ஓரத்தை ஒட்டி மயிரிழையாகப் புதுக்கோடு ஓடியது. துருப்பொடி கசிந்து நின்றதால்தான் கண்ணில் பட்டது. கனம் கூடிய இடம் வளையாது. அந்த வளைவெல்லாம் வெல்டிங் முடிகிற ஓரத்தில் போய்ச் சேரும்.

டை பெனட்ரன்ட் (விரிசலைக் காட்டும் சாயம்) அடித்து விரிசலின் இரு நுனியையும் கண்டுபிடியுங்கள். அடிவரை கிரைண்ட் செய்து எடுத்து, இரும்பைச் சூடாக்கி, அடுப்பில் உலர்த்திய 7018 வெல்டிங் ராடால் நிரப்பி, மட்டமாகத் தேய்த்துவிடுங்கள். வெல்டிங்குக்கு முன் பேட்டரி வயரைக் கழற்ற மறக்காதீர்கள்.

அப்புறம் காரணத்தைப் பாருங்கள். லால்பாக் குன்றில் வெளியே தெரிகிற அதே நைஸ் என்கிற கடும்பாறைதான் பெங்களூரில் பல இடங்களில் அடியில் கிடக்கிறது. அகல ஷூவோடு (செயினில் தரையைத் தொடும் இரும்புப் பட்டை) பாறையில் நடந்தால், ஷூவின் நுனி மட்டும் கல்லில் ஏறி, கடப்பாரை போட்டு நெம்புவது போலச் செயினையும் ஃபிரேமையும் முறுக்கும். வண்டி புதையாத அளவுக்கு எவ்வளவு குறுகலான ஷூ போதுமோ, அதுவே சரி.

கேள்வி: அண்ணா, செயினைத் தளர்த்த, அதை இறுக்க கிரீஸ் ஏற்றுகிற நிப்பிளையே கழற்றலாமா? (ஹொசகோட்டை)

கூடவே கூடாது தம்பி! உள்ளே கிரீஸ் கடும் அழுத்தத்தில் இருக்கிறது. நிப்பிள் தோட்டா மாதிரித் தெறிக்கும், கிரீஸ் தோலைத் துளைத்து உள்ளே போகும். பக்கவாட்டில் நின்று, கிரீஸை வெளியே விடுகிற வால்வை ஒரு சுற்றுக்கு மேல் போகாமல் மெல்லத் திருப்பு. ஸ்ப்ராக்கெட்டில் (செயினை ஓட்டும் பல்சக்கரம்) சேறு அடைத்தாலும் செயின் இறுகும். முதலில் அதைச் சுரண்டி எடு. சேற்றில்தான் வேலை என்றால் வழக்கத்தைவிடக் கொஞ்சம் தளர்வாகவே விடு.