கடலடிக் கருவிகள்: வாங்கியதும் மாற்றியதும்

“ஸ்கூபா டைவிங்குக்கு வாங்கிய கருவிகளில் எதையெல்லாம் பிறகு மாற்ற வேண்டி வந்தது?” என்று சென்ற இதழில் கேட்டிருந்தோம். செட்டிநாட்டு ஊர்களிலிருந்து வந்த கடிதங்களில் பலருக்கும் உதவக்கூடியவை இங்கே.

இரண்டு மாஸ்க் வாங்கிவிட்டேன். முதலாவதில் தண்ணீர் கசிந்தது. மாற்றி வாங்கியதில் கசிவு இல்லை. ஆனால் இறங்கிய கொஞ்ச நேரத்தில் கண்ணாடி மங்கிவிடுகிறது. மூன்றாவது வாங்கலாமா?
– வாசகி, பள்ளத்தூர்

வேண்டாம். இரண்டாவது மாஸ்க் நல்ல மாஸ்க்தான், புதுக் கண்ணாடியைத் தேய்க்காமல் இறங்கியிருக்கிறீர்கள். தயாரிப்பின்போது சிலிக்கோனிலிருந்து கண்ணாடியின் உட்பக்கம் மெல்லிய படலம் படிந்திருக்கும். மூச்சின் ஈரம் அதில்தான் பொட்டுப் பொட்டாக நிற்கிறது. ஜெல் அல்லாத சாதாரண வெள்ளைப் பற்பசையைப் பட்டாணி அளவு எடுத்து, ஒவ்வொரு பக்கமும் இரண்டு மூன்று நிமிடம் விரலால் சுற்றிச் சுற்றித் தேய்த்துக் கழுவுங்கள். இதை மூன்று நான்கு தடவை செய்ய வேண்டும், ஒரு தடவையோடு விட்டால் படலம் பாதி அப்படியே இருக்கும். பிறகு ஒவ்வொரு முறை இறங்கும் முன்பும் பேபி ஷாம்பு இரண்டு சொட்டு தடவி, லேசாக அலசினால் போதும். உட்பக்கம் மூட்டத் தடுப்புப் பூச்சோடு வந்த கண்ணாடிக்கு மட்டும் பற்பசை ஆகாது. லைட்டரால் சுட்டுப் படலத்தை எடுக்கச் சொல்பவர்களும் உண்டு. சிலிக்கோன் விளிம்பு கருகினால் மாஸ்க்கே போய்விடும்.

கசிந்த பழைய மாஸ்க்கையும் உடனே தள்ளிவிடாதீர்கள். பட்டையைப் பின்னால் மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் லேசாக உறிஞ்சிக் கையை எடுங்கள். மாஸ்க் விழாமல் நின்றால் அளவு சரி. கரையில் அப்படி நின்ற மாஸ்க் கடலில் கசிந்தால் காரணம் பெரும்பாலும் விளிம்புக்கு அடியில் மாட்டிய நெற்றி முடி, இல்லாவிட்டால் கசிகிறதே என்று பட்டையை மேலும் மேலும் இறுக்குவது. இறுக்க இறுக்க விளிம்பு மடங்கிக் கசிவு கூடும். மீசை வைத்திருப்பவர்கள் மூக்குக்குக் கீழே சில மில்லிமீட்டர் மட்டும் மழித்தால் விளிம்புக்கு இடம் கிடைக்கும். மீசையில் வாஸ்லின் தடவுவது பழைய யோசனை. பெட்ரோலியப் பொருள் சிலிக்கோனுக்கு ஆகாது. தடவித்தான் ஆக வேண்டுமென்றால் சிலிக்கோன் கிரீஸ்.

சிங்கப்பூரில் இருக்கும் சித்தப்பா, சிலிண்டர் காற்றை மூச்சுக்கு ஏற்ற அழுத்தத்தில் தரும் தன் பழைய ரெகுலேட்டரைக் கொடுத்திருக்கிறார். 12 வருடப் பழசு, கடைசி ஐந்து வருடம் பெட்டியிலேயே இருந்தது. திருகி மாட்டும் வகை. சர்வீஸ் செய்து வைத்துக்கொள்ளலாமா, புதிது வாங்குவதா?
– வாசகர், தேவகோட்டை

முதலில் வீட்டிலேயே இரண்டு சோதனைகள். சிலிண்டர் தேவையில்லை.

ஒன்று: சிலிண்டரில் மாட்டும் பகுதியான முதல் நிலையின் வாயில் இருக்கும் தூசி மூடியை இறுக்கி மூடிவிட்டு, மவுத்பீஸில் வாய் வைத்து உறிஞ்சுங்கள். கொஞ்சம் காற்று வந்து, பிறகு ஒன்றும் வராமல் நாக்கை இழுத்துப் பிடிக்க வேண்டும். தொடர்ந்து காற்று வந்தால் ரப்பர் சவ்வான டயஃப்ரமோ, மூச்சு வெளியேறும் வால்வோ, மவுத்பீஸோ எங்கோ கிழிந்திருக்கிறது. தண்ணீருக்குள் அந்த வழியாகக் கடல்நீர் வாய்க்கு வரும்.

இரண்டு: மூடியைக் கழற்றி, காற்று நுழையும் இடத்தில் இருக்கும் சின்ன உலோக வடிகட்டியை டார்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளி நிறத்தில் இருந்தால் நல்லது. பச்சை பிடித்திருந்தால் ஈரம் உள்ளே போய்ப் பித்தளை அரித்திருக்கிறது. மூடியைச் சரியாகப் போடாமல் கழுவியவர்களின் ரெகுலேட்டரில் இதைத்தான் பார்க்கலாம். செம்மண் நிறம் என்றால் இரும்புச் சிலிண்டரின் துரு. கறுப்பு என்றால் காற்று நிரப்பிய இடத்தின் கரித்தூள் வடிகட்டியைச் சந்தேகப்பட வேண்டும்.

வடிகட்டி சுத்தமாக இருந்தாலும் அப்படியே கடலுக்கு எடுத்துப் போகாதீர்கள். ஓடாமல் பெட்டியில் இருந்தாலும் ஓ-ரிங் எனும் ரப்பர் வளையம் இறுகும், வால்வு அழுந்தி மூடும் ‘இருக்கை’யில் பள்ளம் விழும். முழுதாகப் பிரித்து, கழுவி, எல்லா ஓ-ரிங்குகளையும் இருக்கைகளையும் மாற்ற வேண்டும். சர்வீஸ் முடிந்ததும், முதல் நிலையிலிருந்து ஹோஸுக்கு வரும் இடைநிலை அழுத்தம் எவ்வளவு என்று கேளுங்கள். பெரும்பாலான ரெகுலேட்டர்களில் அது 9 முதல் 10 பார் வரை இருக்கும். முக்கியமானது, அழுத்தமானியின் முள் அங்கேயே நிற்கிறதா என்பது. சில நிமிடம் விட்டால் மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போனால் இருக்கை பிடிக்கவில்லை என்று பொருள். அதுதான் பிறகு மவுத்பீஸிலிருந்து காற்று தானாகக் கொட்டுவதில் முடிகிறது.

அந்த மாடலுக்கு உதிரிபாகம் இன்னும் கிடைக்கிறதா என்பதையும் சர்வீஸுக்குக் கொடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள். கிடைக்கவில்லையென்றால் பேச்சே இல்லை, புதிதுதான். கிடைத்தால், சர்வீஸ் செலவோடு எல்லா ஹோஸ்களின் விலையையும் கூட்டிப் பாருங்கள். 12 வருட ஹோஸ்களை வைத்துக்கொள்ளக் கூடாது. இரு முனையிலும் இருக்கும் பாதுகாப்பு உறையைப் பின்னால் தள்ளி, ஹோஸை வளைத்துப் பாருங்கள். வெடிப்பு அங்கேதான் ஆரம்பிக்கும். பின்னல் உறை போட்ட வளைவான ஹோஸ்கள் வெளியே புதிதுபோல இருந்தாலும், வெப்ப நாடுகளில் சிலவற்றின் உட்குழாய் நாளடைவில் சிதைந்து, துகள் உதிர்ந்து காற்றுப் பாதையை அடைத்த சம்பவங்கள் உண்டு. வெளித்தோற்றத்தை வைத்து அவற்றை எடைபோட வழியில்லை. மொத்தக் கணக்கு புதிய ரெகுலேட்டரின் விலையில் பாதியைத் தாண்டினால் புதிதை வாங்குவதே எங்கள் யோசனை.

திருகும் வகை ‘டின்’ எனப்படுவது. நம் பக்க மையங்களில் பெரும்பாலும் கவ்விப் பிடிக்கும் ‘யோக்’ சிலிண்டர்கள்தான். அதற்காக ரெகுலேட்டரை மாற்ற வேண்டியதில்லை, யோக் அடாப்டர் மாட்டலாம். ஆனால் முதல் நிலை சில சென்டிமீட்டர் பின்னுக்குத் தள்ளி நிற்கும். தலையை நிமிர்த்தும்போது இடிக்கும். சிலிண்டர் வால்வின் நடுவில் ஆலன் சாவி போடும் அறுகோணத் துளை இருந்தால், அந்தச் செருகலைக் கழற்றிவிட்டு டின்னை நேரடியாகவே மாட்டிவிடலாம். மையத்துக்காரரிடம் கேளுங்கள்.

அந்தமானுக்கு வருடா வருடம் போகிறோம். தண்ணீருக்குள் மிதப்பைச் சரிசெய்யக் காற்றடைத்து அணியும் என் ஜாக்கெட் வகை பிசிடி, பெட்டியில் பாதி இடத்தை அடைக்கிறது. பின்பக்கம் மட்டும் காற்றுப் பை உள்ள ‘விங்’ வகைக்கு மாறலாமா?
– வாசகர், காரைக்குடி

கணக்குப் போட்டுவிட்டு முடிவெடுங்கள். உள்நாட்டு விமானத்தில் பொதுவாக 15 கிலோ. ஜாக்கெட் பிசிடி 4 கிலோ, ரெகுலேட்டர் 3, ஃபின்ஸ் 2, வெட்சூட் 2 என்றாலே 11 ஆகிவிட்டது. பயணத்துக்கென்று செய்த பிசிடி 2 முதல் 2½ கிலோ. விங் வாங்குவதாக இருந்தால் முதுகுத் தகட்டை அலுமினியத்தில் எடுங்கள். இரும்புத் தகடு 2½ கிலோவுக்கு மேல் இருக்கும். இடுப்பில் கட்டும் ஈய எடையில் அதைக் குறைத்துக்கொள்ளலாம் என்பார்கள், உண்மைதான். ஆனால் ஈயம் மையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, தகட்டை நீங்கள்தான் மதுரையிலிருந்து சுமக்க வேண்டும்.

விங் மாற்றியவர்கள் மறுபடி மாற்றுவது பெரும்பாலும் பை பெரிதாகிவிட்டதால்தான். ஒற்றை அலுமினியச் சிலிண்டர், மெல்லிய சூட், வெதுவெதுப்பான கடல் என்றால் 12 முதல் 14 கிலோ தூக்கும் பை தாராளம். அதைவிடப் பெரிய பை சிலிண்டரைச் சுற்றி மடிந்து, காற்று ஒரு ஓரத்தில் சிக்கி வெளியேறாது.

எதை வாங்கினாலும் எடையை மறுபடி சோதியுங்கள். வழக்கமான 11.1 லிட்டர் சிலிண்டரில் 200 பாரிலிருந்து 50 பாருக்கு வரும்போது சுமார் 2 கிலோ காற்று போய்விடும். நிறைந்த சிலிண்டரோடு சோதித்தால் அந்த 2 கிலோவைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் கடைசியில், மேலேறும் முன் 5 மீட்டரில் சற்று நிற்க முடியாமல் மேலே இழுக்கும். நீச்சல் குளத்தில் சரிபார்த்த எடையும் கடலுக்குப் போதாது. ஆளும் கருவியும் சேர்ந்து 90 கிலோ என்றால் இன்னும் 2 கிலோ சொச்சம் வேண்டும்.

5 மில்லிமீட்டர் வெட்சூட் ஒன்று, இரண்டு வருடத்தில் மடிப்பு மடிப்பாக இறுகிவிட்டது. ஃபின்ஸ் பட்டையும் அறுந்தது. மட்டமான சரக்கா?
– வாசகர், புதுவயல்

சரக்கைக் குறை சொல்லும் முன் எங்கே வைத்திருந்தீர்கள் என்று பாருங்கள். மேல்மாடி ஓட்டறையில் இரும்புப் பீரோவுக்குள் மடித்து வைத்தால் சித்திரை வெயிலில் நியோப்ரீன் அப்படித்தான் ஆகும். நம் பழைய வீடுகளில் இதற்குத் தோதான இடம் கீழ்க்கட்டுதான். தடித்த சுவர், நிழல், ஒரே சீரான குளிர்ச்சி. வளவு முற்றத்து வெயிலில் காயப்போடாமல், தாழ்வாரத்துத் தூணோரம் அகலமான ஹேங்கரில் மாட்டி, உட்பக்கம் முதலில் காயட்டும். பாச்சை உருண்டை பக்கத்தில் வேண்டாம், வாடை மவுத்பீஸில் ஏறினால் போகாது.

கழுவுவதற்கு உப்புக் கரிக்கும் போர் தண்ணீரைவிடக் குடிக்கிற நல்ல தண்ணீர் மேல். உப்பு உலோகத்தை என்ன செய்யும் என்று உலோக அரிப்பை ஆராயும் சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம்) இருக்கிற காரைக்குடிப் பக்கத்தாருக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. பிசிடிக்குள்ளேயும் ஒரு லிட்டர் ஊற்றி, குலுக்கி, கீழ் வால்வு வழியாக வடியுங்கள், இரண்டு மூன்று தடவை. பிறகு பாதி காற்றடித்து வைக்கலாம். உள்ளே உப்பு படிந்தால், பைக்குள் காற்றேற்றும் இன்ஃப்ளேட்டர் பட்டன் தண்ணீருக்குள் அழுந்தியபடியே நின்றுவிடும். அப்படி ஆனால் காற்றுக் குழாயை உடனே பிடுங்கிவிட்டு, பையிலிருக்கும் காற்றை வெளியேற்ற வேண்டும்.

மன்னார் வளைகுடாவுக்கும் அந்தமானுக்கும் 5 மில்லிமீட்டர் அதிகம், 3 போதும். சொறிமீன் தொல்லைக்கு மெல்லிய லைக்ரா முழுச்சட்டையே காப்பு. அறுந்த ரப்பர் பட்டைக்குப் பதில் ஸ்டெயின்லெஸ் ஸ்பிரிங் பட்டை போடுங்கள்.

சொந்தமாகச் சிலிண்டர் வாங்கி ஊருணியிலோ கிணற்றிலோ பழகலாமா?
– வாசகர், கானாடுகாத்தான்

கூடாது. கலங்கல் நீர், சேறு, கிடக்கும் கயிறு, செங்குத்துச் சுவர். துணைக்கு வருபவருக்கும் ஆபத்து. காற்று நிரப்பும் இடமும் இங்கே இல்லை. டயர் கடைக் கம்ப்ரஸர் காற்றில் எண்ணெய் ஆவி வரும். மருத்துவமனை ஆக்ஸிஜனை நிரப்பினால் 6 மீட்டருக்குக் கீழே அதுவே விஷமாகி வலிப்பு வரலாம்.

முதலில் வாங்க வேண்டியது ரெகுலேட்டரா, டைவ் கம்ப்யூட்டரா?
– வாசகி, கோட்டையூர்

மாஸ்க்குக்கு அடுத்து கம்ப்யூட்டர். உங்கள் ஆழமும் நேரமும் அதில்தான் பதிவாகின்றன. காலையில் ஒருவர் கட்டிப்போன வாடகைக் கம்ப்யூட்டரை மதியம் நீங்கள் கட்டினால் அது அவர் கணக்கைத்தான் தொடரும். பேட்டரியை நீங்களே மாற்றக்கூடிய மாடலாகப் பாருங்கள், ஒவ்வொரு முறையும் ஓ-ரிங்கையும் சேர்த்து மாற்றுங்கள். நாற்பது தாண்டியவர்களில் சிலர் எழுத்து தெரியவில்லை என்று கம்ப்யூட்டரையே மாற்றுகிறார்கள். மாஸ்க்கின் கீழ்ப்பகுதியில் ஒட்டும் வாசிப்பு லென்ஸ் போதும்.

காலில் கட்டும் பெரிய கத்தி துருவேறிவிட்டது. டைட்டானியத்தில் வாங்கலாமா?
– வாசகர், நாச்சியாபுரம்

டைட்டானியம் துருப்பிடிக்காது, விலைதான் அதிகம். ஆனால் நம் கடலில் சிக்குவது தங்கூசி எனும் நைலான் இழை வலை. அதற்குக் கத்தியைவிட உள்வளைவில் பிளேடு வைத்த சின்ன லைன் கட்டர் வேகமானது. காலில் கட்டாமல், இரண்டு கைக்கும் எட்டுகிற மாதிரி மார்புப் பட்டையில் மாட்டுங்கள். தடித்த கயிற்றுக்கு ஒரு உறுதியான கத்தரிக்கோல் தனியாக. பிளேடை வருடம் ஒருமுறை மாற்றுங்கள்.