பதில்: படகு அடுப்பின் மேல்தகடு சிறிதாக வந்துவிட்டது

வணக்கம். இங்கிலாந்தின் உள்நாட்டுக் கால்வாய்களில் ஓடும் உங்கள் படகில் உள்ள பழைய வார்ப்பிரும்பு அடுப்புக்கு, விரிசல் விட்ட மேல்தகட்டையே மாதிரியாக வைத்துப் புதிது வார்த்தீர்கள், போல்ட் துளைகள் பொருந்தவில்லை என்கிறீர்கள். ஃபவுண்டரி (வார்ப்பாலை) மேல் தவறில்லை. சாம்பல் நிற வார்ப்பிரும்பு ஆறும்போது ஏறக்குறைய 1% சுருங்கும். 300 மி.மீ. தகட்டை மாதிரியாக வைத்தால் 297தான் கிடைக்கும்.

மரத்தில் 303 மி.மீ. மாதிரி செய்யுங்கள். மாதிரியை மணலில் பதித்துத்தான் அச்செடுப்பார்கள்; அச்சு உடையாமல் அதை மணலிலிருந்து எடுக்க, ஓரங்களில் 1 முதல் 2 டிகிரி சரிவு வேண்டும். அரைத்துச் சமப்படுத்தும் பக்கத்தில் 2, 3 மி.மீ. கூட்டிவையுங்கள். மாதிரியில் துளையே வேண்டாம். வார்த்தபின் அடுப்பின் மேல் வைத்துக் குறித்துத் துளையிடுங்கள்.

வார்ப்பை மணலுக்குள்ளேயே நன்றாக ஆறவிடச் சொல்லுங்கள். மெல்லிய ஓரம் சட்டென்று குளிர்ந்தால் வெள்ளை இரும்பாக இறுகிவிடும், டிரில் ஏறாது. பழைய தகட்டை வெல்டிங் செய்யலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். முன்சூடு கொடுத்து, மிக மெதுவாக ஆறவைக்க வசதியில்லாவிட்டால் வேண்டாம். வெல்டிங் ஓரத்திலேயே மறுபடி விரிசல் விடும்.

பொருத்தும்போது பழைய தீ சிமென்ட்டை (மூட்டுகளை அடைக்கும், சூடு தாங்கும் பூச்சு) முழுக்கச் சுரண்டிவிட்டுப் புதிது பூசுங்கள். போல்ட்டை இறுக்கிப் பூட்டாதீர்கள். தகடு சூட்டில் விரிய இடம் வேண்டும். முதல் இரண்டு மூன்று தடவை சின்னத் தீ மட்டும்.

மூட்டுகளில் புகை கசிகிறதா பாருங்கள். பிரிட்டனின் கால்வாய்களில் ஓடும், தங்கும் அறையுள்ள படகுகளுக்கு 2019 ஏப்ரல் முதல் கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம். அது வேலை செய்கிறதா என்று சோதித்துவிட்டே பற்றவையுங்கள்.